விண்வெளிப் படத்தில் அறிவியல் பிழையைச் சரிபார்ப்பது எப்படி?

ஒரு படத்தில் அறிவியல் பிழை இருக்கிறது என்று சொல்வது எளிது. அதை எண்ணால் காட்டுவதே கடினம். "இப்படி நடக்கவே நடக்காது" என்று எழுதுபவர், எவ்வளவு வேகம், எவ்வளவு தொலைவு, எவ்வளவு விசை என்பவற்றில் ஒன்றையேனும் கணக்கிட்டுக் காட்டக் கடமைப்பட்டவர். அதற்கான வழியை, 2013-இல் வெளிவந்த அல்போன்சோ குவாரோனின் 'கிராவிட்டி' படத்தைக் கொண்டு விளக்குகிறேன். காற்றில்லா வெளியில் வெடிச்சத்தம் கேட்காது என்பதை உணர்ந்து, பேரழிவுக் காட்சிகளை வெளியின் சத்தமின்றி, இசையும் மனிதக் குரலும் தொடுவதால் உடல்வழி உணரும் அதிர்வும் மட்டும் கேட்கும்படி எடுத்த படம் அது. அத்தனை அக்கறையுள்ள படத்தில்தான் பிழை தேடுவதற்குப் பொருள் உண்டு.

முதல் முறை கதைக்காக மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை குறிப்பேட்டுடன் அமர்ந்து, காட்சி வரும் நிமிடம், திரையில் காட்டப்பட்டது, பாத்திரம் வாயால் சொன்னது ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். பாத்திரம் தவறாகப் பேசினால் அது அந்தப் பாத்திரத்தின் அறியாமையாகவும் இருக்கலாம். திரையில் நிகழ்ந்துவிட்டதற்குப் படமே பொறுப்பு.

அடுத்து, கதை கேட்டு வாங்கிக்கொள்ளும் அனுமானத்தைப் பிழைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அமெரிக்க விண்ணோடங்களின் கடைசிப் பயணம் 2011 ஜூலையில் முடிந்துவிட்டது; படத்திலோ 'எக்ஸ்ப்ளோரர்' என்ற விண்ணோடம் ஹப்புள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கிறது. இது கதைக்குரிய உரிமை. ஒரு மோதலில் சிதறும் துண்டுகள் மேலும் மோதல்களை உண்டாக்கும் என்ற அடிப்படைக் கருத்தோ உண்மை அறிவியல். டொனால்ட் கெஸ்லர் 1978-லேயே அதை விளக்கியிருக்கிறார். ஆனால் உண்மையான தொலைநோக்கியையும் உண்மையான விண்வெளி நிலையத்தையும் கதைக்குள் கொண்டுவந்த பிறகு, அவற்றின் சுற்றுப்பாதைகளும் கூடவே வந்துவிடுகின்றன. கணக்கு அங்கேதான் தொடங்க வேண்டும்.

படம் வந்த காலத்தில் ஹப்புள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்திலும், பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்திலும் சுற்றின. உயர வேறுபாடு பெரிய தடையன்று. நிலநடுக்கோட்டுக்கு ஹப்புளின் பாதை 28.5 பாகையும், நிலையத்தின் பாதை 51.6 பாகையும் சாய்ந்திருப்பதுதான் தடை. ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாற, சுற்றுவேகத்தை இரண்டால் பெருக்கி, அதைத் தளங்களுக்கிடையே உள்ள கோணத்தில் பாதியின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். சுற்றுவேகம் விநாடிக்கு 7.6 கிலோமீட்டர், கோணம் குறைந்தது 23.1 பாகை. விடை, விநாடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேக மாற்றம். சுற்றுப்பாதையை அடைந்த விண்ணோடம் தன் எரிபொருள் முழுவதையும் செலவிட்டாலும் விநாடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் அளவுக்குத்தான் மாற்றம் பெற முடியும். 1984-இல் உண்மையில் பயன்பட்ட, முதுகில் மாட்டும் உந்துகருவிக்கோ விநாடிக்கு ஏறத்தாழ 24 மீட்டர்தான். படத்தில் இருவர் அத்தகைய கருவியைக் கொண்டே நிலையத்தைச் சென்றடைகின்றனர்.

கணக்கு முடிந்ததும், நடைமுறையில் அதற்குச் சான்று உண்டா என்று தேடுங்கள்; இந்தப் பிழைக்கு அசைக்க முடியாத சான்று இருக்கிறது. 2009 மே மாதம் அட்லாண்டிஸ் விண்ணோடம் ஹப்புளைப் பழுதுபார்க்கப் புறப்பட்டபோது, அது சேதமடைந்தால் வீரர்கள் விண்வெளி நிலையத்தில் தஞ்சம் புக வழியில்லை என்பதால், அவர்களை மீட்க எண்டெவர் விண்ணோடம் இன்னொரு ஏவுதளத்தில் தயாராக நிறுத்தப்பட்டிருந்தது. ஒரு பிழையைப் பற்றி எழுதும்போது வாசகரை நம்பவைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு செய்திதான்.

படத்தில் சிதறிய குப்பையால் தகவல்தொடர்பு அறுந்துபோவது பிழை என்று காட்ட இவ்வளவு உழைப்பு தேவையில்லை. விண்ணோடங்களின் தொடர்பைத் தரைக்குக் கடத்தும் செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சிதறும் குப்பை அவற்றை எட்டாது. கண்ணீர்த்துளி முகத்தைவிட்டு மிதந்து செல்லும் காட்சியும் அப்படியே. கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் 2013-இல் நிலையத்திலிருந்தபடி தன் கண்ணில் நீர் விட்டுக் காட்டியபோது, அது மிதக்காமல் கண்ணைச் சுற்றியே திரண்டு ஒட்டி நின்றது.

தீர்ப்பு சொல்ல அவசரப்படக் கூடாத காட்சியும் உண்டு. நிலையத்தை ஒட்டிய கயிறுகளில் நாயகியின் கால் சிக்கியிருக்க, அவளோடு பிணைந்த கயிற்றின் முனையில் இருக்கும் நாயகன், தன்னால் அவளும் இழுபடுவாள் என்று எண்ணிக் கொக்கியைக் கழற்றிவிடுகிறான். நிலையத்தைப் பொறுத்தவரை இருவரும் அசைவற்று நின்றுவிட்டார்கள் என்றால், அவனை இழுக்க விசை எதுவும் இல்லை. கயிற்றைச் சற்றே சுண்டினால் அவனே அவளிடம் மிதந்து வருவான். கயிறுகள் இன்னும் நழுவிக்கொண்டிருந்தாலோ, நிலையம் சுழன்றுகொண்டிருந்தாலோ இழுவிசை உண்டு. ஆகவே காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பின்புலத்துக்கும் நிலையத்துக்கும் இருவருக்கும் இடையிலான நிலை மாறுகிறதா என்று அளந்த பிறகே எழுதுங்கள். அளக்க முடியாவிட்டால் 'ஐயம்' என்று மட்டும் குறியுங்கள்.

உங்கள் சொந்த அறிவையும் இதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும். 1968-இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் தலைக்கவசமின்றி வெற்றிடத்தைக் கடக்கும் வீரர் பிழைத்துக்கொள்வதைப் பலர் பிழை என்று எண்ணக்கூடும். ஆனால் 1966 டிசம்பரில் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் ஜிம் லெப்ளாங்க் என்பவரின் உடையில் காற்றுக் குழாய் கழன்றபோது, ஏறத்தாழ 14 விநாடிகளில் அவர் நினைவிழந்தார். காற்று மீண்டும் செலுத்தப்பட்டதும் பிழைத்துக்கொண்டார். நாக்கிலிருந்த எச்சில் கொதித்ததுதான் அவருக்குக் கடைசியாக நினைவிருந்தது. அந்தக் காட்சியில் உண்மையான பிழை வேறிடத்தில் இருக்கிறது: வெற்றிடத்துக்குள் பாய்வதற்கு முன் வீரர் மூச்சை அடக்கிக்கொள்வதாகத் தெரிகிறது. வெளியே அழுத்தம் இல்லாதபோது உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும் என்பதால், அவர் மூச்சை முழுவதும் வெளியே விட்டிருக்க வேண்டும்.