வில்லங்கம் இல்லை என்றால் உரிமை உண்டு என்று பொருளா?

நிலம் வாங்கும் முன் பத்திரப் பதிவேட்டைத் தேடிப் பார்த்து, "வில்லங்கம் எதுவும் இல்லை" என்று எழுதிய தாள் கைக்கு வந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தத் தாளில் இருப்பது மிகச் சிறிய செய்தி: கேட்ட காலத்துக்குள், கேட்ட நிலத்தின்மேல், வேறு ஆவணம் எதுவும் பதிவாகவில்லை. விற்பவர்தான் உரிமையாளர் என்று அது எங்கேயும் சொல்வதில்லை.

1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையில், சில விதிவிலக்குகள் போக, பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர். ஆவணங்களை மட்டும் பதியும் முறை அப்படிப்பட்டதல்ல. அங்கே அலுவலகம் பத்திரத்தைப் பதிந்து வைக்கும். எழுதிக்கொடுத்தவருக்கு உரிமை இருந்ததா என்பதற்குப் பொறுப்பேற்காது. வாங்கும் நிலம் எந்த முறையின்கீழ் வருகிறது என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது முறை என்றால், தாய்ப்பத்திரம், அதாவது உரிமை தொடங்கும் பழைய மூலப் பத்திரம், தொடங்கி நிலம் கைமாறிய ஒவ்வொரு கட்டத்தையும் நீங்களேதான் கோத்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் கோவை பெரும்பாலும் ஒரு மரணத்தில்தான் அறுகிறது. தந்தை இறந்துவிட்டார், பிள்ளைகள் மூவர், இருவர் கையெழுத்திட்டு விற்றுவிட்டார்கள் என்று வையுங்கள். மூன்றாமவர் அப்போது வெளியூரில் இருந்திருக்கலாம், சிறு வயதுப் பிள்ளையாகவும் இருந்திருக்கலாம். பத்திரம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும். தேடலில் ஒரு கீறலும் தெரியாது. ஆனால் அவருடைய பங்கு விற்கப்படவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் பங்கு கேட்டு வரும்போது, முழு விலையும் கொடுத்து வாங்கியவர்தான் வழக்கு மன்றப் படியேற வேண்டியிருக்கும். ஆகவே வரிசையில் எங்கே ஒரு மரணம் வந்தாலும் அங்கே நின்றுவிடுங்கள். உயில் இருந்ததா, வாரிசுகள் யார் யார், அனைவரும் கையெழுத்திட்டார்களா, சிறுவர் பங்கை விற்றவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், மொத்த நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம்.

உரிமையாளர் தன் சார்பில் விற்க எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்து விற்பவரிடமும் இதே கவனம் வேண்டும். அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அது பொதுவாக அப்போதே முடிந்துவிடும். உயிரோடு இருப்பவர் ரத்து செய்திருக்கவும் கூடும். அவரையே நேரில் பார்த்துப் பேசிவிடுவது நல்லது.

விற்பவர் நீட்டும் நகலை வைத்தே தேடலைத் தொடங்குவது இன்னொரு தவறு. சான்றிட்ட நகலைப் பதிவு அலுவலகத்திலிருந்து நீங்களே வாங்குங்கள். பெயர் வழியாகத் தேடும் இடங்களில், முதலெழுத்து மாறினாலோ திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தாலோ ஓர் ஆவணமே கண்ணில் படாமல் போகும். நிலம் துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால் நிலத்தின் பழைய எண்ணிலும் தேட வேண்டும். கடனை அடைத்துவிட்டதாகச் சொன்னால், அடமானம் நீங்கியது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எந்தப் பதிவேட்டிலும் ஏறாத உரிமைகளும் உண்டு. நிலத்தின் குறுக்கே நெடுங்காலமாக நடந்துவரும் பக்கத்து வீட்டார், வாடகைக்குக் குடியிருப்பவர், எல்லை தாண்டி வந்துவிட்ட வேலி ஆகியவை நேரில் போனால்தான் தெரியும். அங்கே குடியிருப்பவரிடம் "எந்த உரிமையில் இருக்கிறீர்கள்?" என்று நேராகவே கேளுங்கள், நில அளவரைக் கொண்டு எல்லையை அளந்துவிடுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் தேடியது பதிவு நாளுக்குள் பழையதாகிவிடும். இடைப்பட்ட நாட்களில் ஓர் அடமானமோ வழக்கோ நுழைந்துவிடலாம். பதிவு நாள் காலையில் மறுபடியும் ஒருமுறை தேடுங்கள். மீதிப் பணம் அதற்குப் பிறகு கைமாறட்டும்.