வெயில் எட்டாத வீட்டில் புதினா வளர்க்க ஒரு விளக்கு

செடிக்கென்று விற்கும் ஊதா விளக்கைத் தேட வேண்டாம். சாதாரண வெள்ளை வெளிச்சத்திலேயே செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் இருக்கின்றன. அட்டையில் 6500 கெல்வின் என்று போட்ட 20 வாட் எல்இடி டியூப்லைட் இரண்டு வாங்கி, நாலு விரல் இடைவெளியில் ஒரு கட்டையில் பொருத்தி, அலமாரித் தட்டுக்கு அடியில் சங்கிலியால் தொங்கவிடுங்கள்.

உயரம்தான் முக்கியம். முதலில் இரண்டடி மேலே தொங்கவிட்டேன். புதினாத் தண்டு நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டது. இலைக்கு அரை அடி மேலே இறக்கியதும் புதுத்தளிர் குட்டையாக, கரும்பச்சையாக வந்தது. செடி வளர வளரச் சங்கிலியை ஏற்றிக்கொள்ளலாம்.

தினம் 14 மணி நேரம் எரியட்டும். டைமர் போட்டுவிட்டால் கவலையில்லை. மின்சாரம் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். அப்புறம், தண்ணீர் தெளிக்கும்முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.