சூப்பர்சார்ஜர் போட்ட எம்ஜிபிக்கு எந்த ஹெட் கேஸ்கெட்?

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி இன்ஜினில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது இழுவை குறைந்தது; கம்ப்ரஷன் பார்த்தால் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரிலும் ஒரே மாதிரி இறங்கியிருந்தது, அந்த இரண்டுக்கும் நடுவில், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் போய்விட்டது என்பதற்கு வேறு அடையாளமே வேண்டாம்.

கேட்டவர்களெல்லாம் செம்பு கேஸ்கெட் போடு என்றார்கள். சூட்டைத் தாங்கும், சரி, ஆனால் தண்ணீரையும் ஆயிலையும் அடைப்பதில் அது பெரிய தொல்லை. பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் என்றால் ஹெட்டும் பிளாக்கும் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும், அதற்கு இன்ஜினையே இறக்கி மெஷினிங் செய்ய வேண்டும். சூப்பர்சார்ஜர் கூடுதலாகத் தரும் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், வெறும் 6 பிஎஸ்ஐ; அதற்கு, சிலிண்டரைச் சுற்றி ஸ்டீல் வளையம் உள்ள காம்போசிட் (கலவைப் பொருள்) கேஸ்கெட் போதும் என்று அதையே போட்டேன். ஹெட்டைப் பிடிக்கப் புது ஸ்டட் போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக 50 பவுண்டு-அடி வரை முறுக்கினேன். அப்புறம், கேஸ்கெட்டைத் தின்பது பூஸ்டைவிட நாக்கிங்தான் (சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது), அதனால் இக்னிஷன் டைமிங்கையும் கொஞ்சம் பின்தள்ளினேன்.