மனை வாங்கும் முன் காப்பு சர்விட்யூட்டை வரைபடத்தில் பாருங்கள்

டர்பனில் ஓடையோரமாகவோ புதர்க்காட்டை ஒட்டியோ மனை வாங்குகிறவர்களும், கோயில் நிலத்தில் மண்டபம் கட்ட நினைக்கும் கமிட்டியினரும் முதலில் மாநகராட்சியின் ஆன்லைன் வரைபடத்தில் டி'மாஸ் (டர்பனின் இயற்கைத் திறந்தவெளிகளைக் காட்டும்) அடுக்கைத் திறந்து பாருங்கள். 2010 டிசம்பர் முதல் அது நகரத் திட்டத்தின் பகுதி. அதற்குள் வரும் நிலத்தில் எதைக் கட்டவும் சுற்றுச்சூழல் ஒப்புதல் வேண்டும்.

அது மட்டும் போதாது. இயற்கைப் பாதுகாப்புக்காக எழுதிக்கொடுத்த சர்விட்யூட், அதாவது நிலத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கான கட்டுப்பாடு, தனி. பத்திரத்தில் பதிவான பிறகு, நிலம் கைமாறினாலும் அதுவும் கூடவே வரும். பெரும்பாலும் மனையின் ஒரு பகுதிக்குத்தான் அது பொருந்தும், அதனால் எந்தப் பகுதி என்பதே முக்கியம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப்பதிவு அலுவலகத்திலிருந்து பத்திரத்தின் நகல் வாங்கி, நிபந்தனைகளில் எந்த சர்வே படம் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மனையின் 21 இலக்க எண்ணைக் கொண்டு அந்தப் படத்தை சர்வேயர் ஜெனரல் (அரசு நில அளவைத் துறை) இணையதளத்தில் தேடலாம்.

சரி, அதை கியூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளில் வரையும்போது படத்தின் ஆண்டைக் கவனியுங்கள். 1999-க்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் பழைய கேப் டேட்டத்தில் (இட அளவுகளைக் கணக்கிடும் அடிப்படை முறை) இருக்கும். இப்போதைய ஹார்ட்பீஸ்ட்ஹூக்94 முறைக்கு மாற்றாமல் வரைந்தால் எல்லை ஏறக்குறைய 300 மீட்டர் தள்ளி விழும். பக்கத்து மனைக்காரரின் காடு உங்கள் வீட்டின் மேல் நிற்பதுபோலத் தெரியும்!

உங்கள் பகுதியின் நிலப் பயன்பாட்டுத் திட்டம் பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது இந்த வரைபடத்தையும் பத்திர எண்ணையும் சேர்த்தே அனுப்புங்கள். அடித்தளம் தோண்டும் முன் பதிவுபெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லையைக் குறிக்கச் சொல்லுங்கள்.