லாக்டோபேசில்லஸ்: பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்

சில ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டைகளின் பின்பக்கத்தில் 'லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ்' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பெயரே பிழை. லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாப் பேரினத்தில் எதுவும் அகவித்து (கடும் சூழலைத் தாங்கச் செல்லுக்குள் உருவாகும் உறங்குநிலை வடிவம்) உண்டாக்காது. வித்து உண்டாக்கும் அந்தப் பாக்டீரியாவைப் பேசில்லஸ் கோயாகுலன்ஸ் என்று எப்போதோ திருத்திவிட்டார்கள். பழைய பெயர் மட்டும் வியாபாரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இதைப் பார்த்து 'லாக்டோபேசில்லஸ் வித்து உண்டாக்கும்' என்று தேர்வில் எழுதும் மாணவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, லாக்டோபேசில்லஸையும் பேசில்லஸையும் எப்படித்தான் பிரித்தறிவது? பாக்டீரியாவை நிறத்தால் வகைப்படுத்தும் கிராம் சாயத்தில் இரண்டுமே ஊதா நிறக் கோல்கள்தான், அதோடு நிறுத்தக் கூடாது. காலனியில் (வளர்ப்புத் தட்டில் திரண்டு வளர்ந்த பாக்டீரியாக் கூட்டம்) துளி எடுத்து ஸ்லைடில் வைத்து, 3% ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடுங்கள். பேசில்லஸ் என்றால் பொதுவாகக் குபுகுபுவென நுரைக்கும், லாக்டோபேசில்லஸ் சும்மா கிடக்கும். பெராக்சைடைச் சிதைத்து நுரைக்கவைக்கும் கேட்டலேஸ் நொதி அதனிடம் இல்லை. ஆனால் இரத்த அகாரிலிருந்து (இரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகம்) சுரண்டும்போது அகாரும் சேர்ந்து வந்தால், சிவப்பணுக்களின் கேட்டலேஸே நுரையைக் கிளப்பிவிடும். பாக்டீரியாவை எடுக்கப் பயன்படும் நிக்ரோம் உலோகக் கம்பி வளையமும் அப்படித்தான் ஏமாற்றும். மரக்குச்சியால் எடுப்பது நல்லது. அப்புறம், நாள்பட்ட வளர்ப்பில் செல்கள் ஊதாவைப் பிடித்துவைக்காமல் இளஞ்சிவப்பாகத் தெரியும். புதிய வளர்ப்பையே சாயமேற்றுங்கள்.

'லாக்டோ' என்றதும் பால் என்று நினைப்பதும் தவறு. செடிகளில், ஊறுகாயில், நம் குடலில் எல்லாம் இந்தக் குடும்பம் வாழ்கிறது. அதேபோல, புளிப்பதெல்லாம் லாக்டோபேசில்லஸ் வேலையும் இல்லை. இட்லி மாவைப் பொங்கவைப்பதில் பெரும்பங்கு லூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸுக்கு. அது கோள வடிவம்.

பழைய புத்தகத்தை அப்படியே நம்பினால் இன்னொரு சிக்கல். 1901இல் நுண்ணுயிரியலாளர் பெய்ஜரிங்க் பெயரிட்ட இந்தப் பேரினத்தில் 260க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் குவிந்துவிட்டன. வாயு விடுபவை, விடாதவை, மரபணுவில் வெகுதூரம் விலகியவை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 2020இல் மரபணுத்தொகுதியை ஒப்பிட்டு 23 புதிய பேரினங்களைப் பிரித்தார்கள். டெல்புரூக்கியை, அசிடோஃபிலஸ் ஆகிய சிற்றினங்கள் பழைய இடத்திலேயே இருக்கின்றன. பிளாண்டாரம் லாக்டிபிளாண்டிபேசில்லஸுக்கும், ரேம்னோசஸ் லாக்டிகேசிபேசில்லஸுக்கும் போய்விட்டன. இந்த இரண்டு புதிய பெயர்களும் 'எல்' எழுத்தில் தொடங்குவதால் 'எல். ரேம்னோசஸ்' என்ற சுருக்கம் இன்றும் சரியே. விரித்து எழுதும்போது மட்டும் பழைய பெயரைப் போட்டுவிடாதீர்கள்.