ஆர்டுயினோ புரோகிராமரில் பழைய ஏடி89சி2051-ஐயும் சேர்ப்பது எப்படி

ஏடி89எஸ்52, ஏடி89சி2051 இரண்டும் 8051 வகை மைக்ரோகண்ட்ரோலர் சிப்கள். மலிவான யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரில் (சிப்பில் நிரல் ஏற்றும் கருவி) முதலாவது ஏறும், இரண்டாவது ஏறாது. நடுவில் எஸ் உள்ள சிப்புக்கு எஸ்பிஐ (சில கம்பிகளிலேயே பிட் பிட்டாக அனுப்பும் முறை) தெரியும். இந்த சி வகைக்குத் தெரியாது. அது எட்டு டேட்டா கம்பியும் 12 வோல்ட்டும் கேட்கும். அதனால் மென்பொருளில் ஒரு வரி சேர்த்து முடிக்க முடியாது, வயரிங்கும் வேண்டும். ஆர்டுயினோ ஊனோவில் சீரியலுக்கான 0, 1 போக மிஞ்சுவது 18 பின்கள். இந்த வேலைக்குத் தேவையும் சரியாக 18.

சிப்பின் 12 முதல் 19 வரையுள்ள கால்கள் பி1.0 முதல் பி1.7. இவை வரிசையாக ஊனோவின் டி2 முதல் டி9க்குப் போகட்டும். மற்றவை:

கால் 6 (பி3.2) – டி10
கால் 7 (பி3.3) – டி11
கால் 8 (பி3.4) – டி12
கால் 9 (பி3.5) – டி13
கால் 11 (பி3.7) – ஏ0
கால் 5 (எக்ஸ்டால்1) – ஏ1
கால் 3 (பி3.1) – ஏ2

கால் 10 கிரவுண்ட். 2, 4 சும்மா கிடக்கலாம். மீதி மூன்று பின்கள்: ஏ3 12 வோல்ட்டுக்கு, ஏ4 ரீசெட்டின் 5 வோல்ட்டுக்கு, ஏ5 சிப்பின் சப்ளைக்கு. இடம் மாற்ற விரும்பினால் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் 12 வோல்ட்டை மட்டும் டி13இல் கட்ட வேண்டாம். ஊனோ ரீசெட் ஆகும்போதெல்லாம் பூட்லோடர் (ஊனோவில் முதலில் ஓடும் சிறு நிரல்) அந்த பின்னைச் சிமிட்டும். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் 12 வோல்ட் பாயும்.

சப்ளைக்கு ஒரு பிசி557 (பிஎன்பி டிரான்சிஸ்டர்): எமிட்டர் 5 வோல்ட்டில், கலெக்டர் கால் 20இல், பேஸிலிருந்து 1கே ரெசிஸ்டர் வழியாக ஏ5. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 10கே. ஏ5 லோ என்றால் சப்ளை ஆன். கால் 20க்கும் 10க்கும் இடையே ஒரு 0.1 மைக்ரோஃபாரட்.

12 வோல்ட்டுக்கு இன்னொரு பிசி557, இதன் எமிட்டர் 12 வோல்ட்டில், கலெக்டர் கால் 1இல் (ரீசெட்). இங்கும் பேஸ்-எமிட்டர் 10கே. பேஸை 4.7கே வழியாக ஒரு பிசி547 (என்பிஎன் டிரான்சிஸ்டர்) கீழே இழுக்கும். அதன் பேஸுக்கு ஏ3இலிருந்து 10கே. கால் 1இலிருந்து கிரவுண்டுக்கு 10கே. ஏ4இலிருந்து கால் 1க்கு ஒரு 1என்4148 டயோடு, கோடு போட்ட முனை சிப் பக்கம். டயோடைத் திருப்பிப் போட்டால் 12 வோல்ட் நேராக ஊனோவுக்குள் போய்விடும். சிப்புக்கு ஏற்றது 11.5 முதல் 12.5 வோல்ட்தான். பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்கள் லோடு இல்லாதபோது 12ஐத் தாண்டி வெகுதூரம் போகும், அவற்றை நம்பாதீர்கள். எம்டி3608 பூஸ்ட் மாட்யூலை மல்டிமீட்டர் வைத்து 12.0க்குத் திருகி, பிறகு இணையுங்கள்.

அந்த டயோடு வெறும் பாதுகாப்புக்கு இல்லை. இந்தச் சிப்புக்கு முகவரிக் கம்பியே கிடையாது. உள்ளே ஒரு கவுண்டர் இருக்கிறது. ரீசெட் 0இலிருந்து மேலே ஏறும்போது அது பூஜ்யமாகும், எக்ஸ்டால்1இல் ஒரு பல்ஸ் கொடுத்தால் ஒன்று கூடும். எழுத 12, சரிபார்க்க 5 என்று மாற்றும்போது ரீசெட் ஒரு கணம் பூஜ்யத்தைத் தொட்டாலும் கவுண்டர் தொடக்கத்துக்கு ஓடிவிடும். ஆகவே எழுதிச் சரிபார்த்து முடியும்வரை ஏ4ஐ ஹையிலேயே வைத்து, ஏ3ஐ மட்டும் போட்டு அணையுங்கள்.

முறைகள் (பி3.3, பி3.4, பி3.5, பி3.7 என்ற வரிசையில்):

எழுத – 0 1 1 1
படிக்க – 0 0 1 1
முழுதும் அழிக்க – 1 0 0 0
அடையாள பைட் – 0 0 0 0

முதலில் அடையாளம், அதாவது எந்தச் சிப் என்று பார்ப்பது: சப்ளை ஆன், ரீசெட்டும் எக்ஸ்டால்1உம் லோ, பிறகு ரீசெட்டும் பி3.2உம் ஹை. முதல் பைட் ஹெக்ஸில் 1ஈ. ஒரு பல்ஸ் கொடுத்தால் 21. அங்கே 11 வந்தால் 1 கேபி உள்ள 1051, 41 வந்தால் 4 கேபி உள்ள 4051. மூன்றுக்கும் இதே முறைதான், எனவே ஊனோவின் நிரலில் அளவையும் இந்த பைட்டையும் ஓர் அட்டவணையாக வைத்தால் போதும். இது சரியாக வராமல் 12 வோல்ட் பக்கம் போகாதீர்கள்.

அழிக்க, 12 வோல்ட் கொடுத்து பி3.2ஐ 10 மில்லிசெகண்ட் லோவில் வையுங்கள். எழுதும்போது அதே பல்ஸ் 1 முதல் 110 மைக்ரோசெகண்டுக்குள் இருக்க வேண்டும், 10 போதும். பிறகு பி3.1 ஹை ஆகும்வரை, அதிகபட்சம் 2 மில்லிசெகண்ட், காத்திருங்கள். சரிபார்க்க பி3.4ஐ லோ ஆக்கும் முன் டி2–டி9ஐ புல்அப் (கம்பியை ஹை பக்கம் இழுக்கும் ரெசிஸ்டர்) உள்ள இன்புட்டாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு சிப்பும் ஒரே கம்பியில் மல்லுக்கட்டும். பி1.0, பி1.1க்கு உள்ளே புல்அப் கிடையாது. அந்த இரண்டு பிட் மட்டும் தாறுமாறாக வந்தால் வெளியே 10கே போடுங்கள்.

கணினிப் பக்கம் ஒரு சிக்கல்: ஊனோவின் ரேமே 2 கேபிதான், சிப்பில் ஏற்ற வேண்டிய முழு ஃபைலும் அதில் அடங்காது. ஹெக்ஸ் ஃபைலின் வரிகளோ முகவரி வரிசையில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. கணினியிலேயே வரிசைப்படுத்தி, இடைவெளிகளை எஃப்எஃப் (அழித்த இடத்தில் இருக்கும் மதிப்பு) கொண்டு நிரப்பி, 16 பைட்டாக அனுப்புங்கள். ஊனோ பதில் தந்த பிறகே அடுத்தது. போர்ட்டைத் திறந்ததும் ஊனோ ரீசெட் ஆகும், 2 விநாடி விடுங்கள். முடிந்ததும் எல்லாப் பின்களையும் லோ ஆக்கி, பிறகு ஏ5ஐ ஹை ஆக்குங்கள். இல்லையேல் சிக்னல் கம்பிகள் வழியாகவே சிப்புக்கு மின்சாரம் கசியும்.

முதல் பைட் குப்பை, மீதியெல்லாம் எஃப்எஃப் என்றால் எழுதும்போது கவுண்டர் தொடக்கத்துக்கே திரும்பியிருக்கிறது: ரீசெட் கீழே தொட்டிருக்கும். அடையாளம் சரி, எழுத்து ஏறவில்லை என்றால் எழுதும்போது கால் 1இல் வோல்டேஜ் பாருங்கள். பெரும்பாலும் பிசி557ஐத் திருப்பி மாட்டியிருப்பீர்கள். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர்.

கடிகார கிட்களிலிருந்து கழற்றிய 2051இல் லாக் பிட் போட்டிருந்தால் உள்ளே இருப்பதைப் படித்துப் பிரதி எடுக்க முடியாது. அழித்தால் சிப் மறுபடி பயன்படும். கடிகாரம் போனது போனதுதான்.