அமில டோனர்: குளிரை நம்பி முகம் கருத்த கதை

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் அழகு நிலையம் நடத்துகிறேன். கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசைமேல் வைத்து, “அக்கா, இதைப் பூசிப் பூசி முகம் கருத்துவிட்டது” என்று சொல்லும் பிள்ளைகள் மாதத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள். போத்தலில் இருப்பது பெரும்பாலும் கிளைகோலிக் அமில டோனர். அவர்கள் செய்த தவறுகளில் நான் செய்யாதது ஒன்றுமில்லை. அதனால் திட்ட மனம் வருவதில்லை. எரிச்சல் மட்டும் வருகிறது. கண்ணில் படக்கூடாது, புண்மேல் பூசக்கூடாது என்பதெல்லாம் போத்தலிலேயே எழுதியிருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பன்னீர் என்று நினைப்பது

டோனர் என்ற பெயரில்தான் குழப்பம் தொடங்குகிறது. நம் வீடுகளில் முகம் கழுவியதும் பஞ்சில் நனைத்துத் துடைக்கிற பன்னீரைத்தான் அந்தப் பெயரால் அறிவோம். காலையும் மாலையும், மனம் போனபடி துடைக்கலாம். அமில டோனருக்கு வேறு வேலை. இறந்த செல்களைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்தி, மேல்தோலை உதிர்க்கிறது. 7 சதவீத கிளைகோலிக்கைத் தினமும் இருவேளை பூசினால் முதலில் முகம் மெழுகு தேய்த்த தரைபோல் மினுங்கும். சில நாளில் வெறும் தண்ணீர் பட்டாலே எரியும். வாரத்துக்கு இரண்டு இரவு போதும். புதியவர்கள் 5 சதவீத லாக்டிக் அமிலத்தில் தொடங்கலாம். அதன் மூலக்கூறு கிளைகோலிக்கினுடையதைவிடப் பெரியது. தோலுக்குள் மெதுவாகத்தான் இறங்கும்.

“இந்தக் குளிரில் வெயில் எங்கே அக்கா?”

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குத் தலை சூடாகிவிடும். ஏனென்றால் இதே கேள்வியை ஒரு காலத்தில் நானும் கேட்டிருக்கிறேன்.

கொழும்பிலிருந்து முதல் போத்தலை வாங்கிவந்த வருடம், ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மணப்பெண் அலங்கார வேலை அடுத்தடுத்து வந்தது. காலையில் டோனர் பூசிக்கொண்டு கிளம்புவேன். கிரகரி வாவிக் கரையில் படம் எடுக்கும் மணப்பெண்ணின் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நடுப்பகல்வரை நிற்பேன். மூடுபனி, சால்வை, விறைத்த கைகள். சன்ஸ்கிரீன் என்ற நினைப்பே வரவில்லை. இரண்டு வாரத்தில் இரு கன்னத்து எலும்பின் மேலும் தேநீர்க் கோப்பை வைத்து எடுத்ததுபோல் மங்கு விழுந்தது. அப்போது நான் செய்த புத்திசாலித்தனம் என்ன தெரியுமா? அமிலம் போதவில்லை என்று முடிவுகட்டி, இரவிலும் பூசத் தொடங்கினேன். கறை இன்னும் கருத்தது. அது மங்க எட்டு மாதம் பிடித்தது.

குளிருக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தமில்லை. நமக்குச் சூடாகத் தெரிவது வேறு கதிர். தோலைக் கருக்குவது வேறு கதிர். மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை கீழே விட்டுவிடும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் அது சுமார் 10 சதவீதம் கூடும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு, ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. குளிர் தேடி ஊரே மலையேறும் நாட்களும் அவைதான். ஜனவரி, பெப்ரவரியில் இரவில் உறைபனி விழுந்து, விடிந்ததும் வெயில் ஏறிக் கொழுந்து கருகுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். முகம் என்று வரும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

அமிலம் பூசிய தோல் வெயிலுக்கு மேலும் இளகிக் கிடக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பரிசீலித்த ஆய்வுகளில், நாலு வாரம் இவ்வகை அமிலம் பூசியவர்களின் தோல் புற ஊதாக் கதிரில் சிவக்கும் தன்மை 18 சதவீதம் கூடியிருந்தது. நிறுத்திய ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆகவே இரவில்தானே பூசினேன் என்று தப்பிக்க முடியாது. நிறுத்திய பிறகும் ஒரு வாரம் கவனம் வேண்டும்.

போன வருடம் வந்த ஒரு பிள்ளைக்கு வலக் கன்னம் மட்டும் கருத்திருந்தது. கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், தினமும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோரம்தான் அவள் இருக்கை. “கண்ணாடி மூடித்தானே இருக்கும்” என்றாள். சாதாரணக் கண்ணாடி எரிக்கும் கதிரைப் பெருமளவு தடுக்கும். கருக்கும் நீண்ட அலைக் கதிரை உள்ளே விடும்.

எஸ்.பி.எஃப். என்ற வெயில் காப்பு எண் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனை, முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிழிந்து பூச வேண்டும். கடலை அளவு தொட்டு வைத்தால் போத்தலில் எழுதிய எண் முகத்துக்கு வந்து சேராது. மங்கு உள்ளவர்கள் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் வாங்குவது நல்லது. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். விலை கூடுதல்தான், தெரியும். இரண்டுக்கும் காசு இல்லையென்றால் டோனரைக் கடையிலேயே விட்டுவிட்டு சன்ஸ்கிரீனை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

எரிந்தால்தான் வேலை செய்யும் என்பது

இல்லை. கழுவுங்கள்.

நூல் போட்ட அன்றே பூசுவது

மேலுதட்டு முடியை நூலால் எடுக்கும்போது மெல்லிய தோலும் கொஞ்சம் உரசுப்படுகிறது. அன்றிரவே அங்கே அமிலம் பட்டால் மறுநாள் மீசை எடுத்த இடத்தில் பழுப்பு மீசை இருக்கும். மூன்று நாள் பொறுங்கள். நான் சொல்லி அனுப்பியும் கேட்காமல் பூசிவிட்டு, நூலைக் குறைசொல்லி வந்தவர்கள் உண்டு.

ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ பூச்சையும் அதே இரவில் பூசுவது

வேண்டாம்.

தேசிக்காயும் அமிலம்தானே?

அமிலம்தான்; டோனரைவிடக் கடுமையானது. அதன் சாற்றிலும் தோலிலும் உள்ள சில பொருட்கள் வெயில் பட்டதும் கொப்புளம் கிளப்பும், கறை விடும். ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள்

சில டோனர்களில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் தொடங்குவது

மணப்பெண்ணுக்கும் மாட்டேன் என்றுதான் சொல்கிறேன். அவளுடைய அம்மாவுக்கும் அதே பதில். அம்மாக்கள்தான் அதிகம் கேட்கிறார்கள்.